தட்டினால் கழன்று வரும் கைப்பிடி

"குடுவையை ஊதும்வரை குழாயைப் பிடித்துக்கொள்கிறார்கள், சரி. குழாயை வெட்டிவிட்டு வாயை விரிக்கும்போது எதைப் பிடிப்பார்கள்?" டார்ச் சுடரில் கண்ணாடி ஊதும் வீடியோவைப் பார்த்த வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அடிப்பாகத்தில் இன்னொரு கண்ணாடிக் குச்சியைத் தற்காலிகமாக ஒட்டிவிடுகிறார்கள், அதுதான் கைப்பிடி. கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். தாமிரத்தில் 300-ல் ஒரு பங்குகூட இல்லை. ஒரு முனை உருகிச் சொட்டும்போதே மறுமுனையை வெறுங்கையால் உருட்டலாம். ஒரே நிபந்தனை, குச்சியும் குடுவையும் ஒரே வகைக் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஆய்வகக் குடுவைகள் போரோசிலிக்கேட் என்ற, சூட்டைத் தாங்கும் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி ரகமான சோடாக் கண்ணாடி, சூட்டில் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும். ஆறும்போது அதே கணக்கில் சுருங்கி, ஒட்டிய இடத்தையே பிளந்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் இந்தக் குச்சி கழன்று வர வேண்டுமே! கண்ணாடிக்கு ஐஸ் போல ஒரு குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. போரோசிலிக்கேட் சுமார் 820 டிகிரி செல்சியஸில் தன் எடையைத் தாங்காமல் தொய்யும்; 510-க்குக் கீழே கல் மாதிரி. கைதேர்ந்தவர்கள் குச்சியின் நுனியை மட்டும் உருக்குவார்கள். குடுவையின் அடி சூடாக இருக்கும், ஆனால் சிவக்காது. உருகிய நுனியை அதில் வைத்து லேசாக அழுத்துவார்கள். ஒரு பக்கம் மட்டும் இளகியிருப்பதால் இரண்டும் முழுசாகக் கலப்பதில்லை. ஒட்டும் பரப்பு சின்னது. அதைச் சுற்றிக் கூர்மையான ஓர் இடுக்கு விழுகிறது. சுடரில் உருட்டுகிற அளவுக்கு அந்தப் பிடி போதும். குச்சியை ஒரு தட்டுத் தட்டினால், அந்த அதிர்ச்சியின் இழுவிசை முழுவதும் இடுக்கின் முனையில்தான் குவியும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. விரிசல் அங்கே பிறந்து, ஒட்டு வழியாகவே ஓடிவிடும். டிக்!

எங்கள் கல்லூரியில் கண்ணாடி ஊதிய அண்ணன், "தட்டினா வரணும் தம்பி, தடவினா வரக் கூடாது" என்பார். நான் முயன்றபோது ஆர்வக்கோளாறில் இரண்டு பக்கத்தையும் தகதகவெனச் சிவக்கவிட்டு ஒட்டினேன். ஒட்டு மறைந்து ஒரே கண்ணாடியாகிவிட்டது. தட்டியபோது குச்சியோடு குடுவையின் அடியும் வந்தது. அப்படி ஒட்டிவிட்டால் தட்டவே கூடாதாம்; மெல்லிய சுடரால் அந்த இடத்தை இளக்கி, குச்சியை நூல்போல இழுத்துத்தான் அறுக்க வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பணியிடத்தை யாரும் நிரப்பவில்லை. கோடிக்கணக்கில் கருவி வாங்கக் காசு கிடைக்கிறது. ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்ணாடிக் குழாயான கண்டென்சர் உடைந்தால், பத்து நிமிடத்தில் ஒட்டித் தருகிறவருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

குச்சி கழன்ற இடத்தில் சின்ன வடு இருக்கும். கைப்பிடி போய்விட்டதால், இப்போது கவ்வி போட்டுத்தான் பிடிப்பார்கள். வடுவின்மேல் சுடரைக் காட்டினால் பரப்பு இழுவிசையே அதை இழுத்து மழுங்கடித்துவிடும். குடுவை சுமார் 560 டிகிரி சூளைக்குள் போகும், உள்ளே தங்கிய இறுக்கம் தளர. குச்சி? அதன் நுனியை மறுபடி உருக்கி அடுத்த குடுவையில் ஒட்டிவிடுவார் அண்ணன்.