குரல் பெரிது, காது நுட்பம்: ரேடாரும் செல்பேசியும் ஒரே அலைவரிசையில்

பெரிய ரேடார் ஒன்று ஒரு துடிப்பில் பத்து லட்சம் வாட் வரை வீசும். செல்பேசிக் கோபுரத்தின் அலைபரப்பி தருவதோ சில பத்து வாட். இரண்டையும் ஒரே அலைவரிசையில் விட்டால் அடிபடப்போவது செல்பேசிதான் என்று தோன்றும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

காரணம் தூரக் கணக்கு. கோபுரத்திலிருந்து கைபேசிக்கு அலை ஒரு வழிதான் போகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் திறன் நான்கில் ஒன்றாகும். ரேடாரின் அலை இலக்குவரை போய், அதில் பட்டுச் சிதறி, திரும்பியும் வர வேண்டும். போகையில் நான்கில் ஒன்று, வருகையில் மறுபடி நான்கில் ஒன்று. ஆக, இலக்கு இருமடங்கு தள்ளிப்போனால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மெகாவாட்டில் கிளம்பியது, அலையைப் பெறும் ஏற்பியின் சொந்த மின்னணு இரைச்சலுக்குச் சற்றே மேலான முனகலாகத் திரும்புகிறது. அந்த முனகலோடு போட்டிக்கு வரும் கோபுரத்து அலைக்கு ஒருவழிப் பயணம் மட்டுமே.

வலுவான குறுக்கீடாவது திரையில் கோடாகத் தெரியும். வலுவில்லாததுதான் மோசம். செல்பேசி அலை ரேடாருக்கு வெறும் இரைச்சலாகவே படும். பொய் இலக்குகள் வராதிருக்க, இரைச்சல் ஏறினால் ரேடாரும், இலக்கு என்று ஏற்கத் தேவையான குறைந்தபட்ச வலுவை உயர்த்திக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் ஒலிக்காது, தொலைவிலுள்ள சிறு இலக்குகள் மட்டும் காணாமல் போகும். அதனால் குறுக்கீடு ஏற்பியின் இரைச்சலில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அந்தக் கால் பங்கே பார்வைத் தூரத்தில் சுமார் 5 சதவீதத்தை, பரப்பளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்றைத் தின்றுவிடும்.

மறுபக்கம் செல்பேசிக்கு அவ்வளவு வலியில்லை. பல ரேடார்களின் துடிப்பு சில மைக்ரோநொடிதான். அடுத்தது வர ஒரு மில்லிநொடி போல ஆகும். சிதைந்த தரவுத் துண்டை வலையமைப்பு மறுபடி அனுப்பிவிடும்.

சரி, எப்படிப் பகிர்வது? ரேடாரின் உரத்த குரலே இங்கே கைகொடுக்கிறது. அது அனுப்புவதும் கேட்பதும் பொதுவாக ஒரே இடத்திலிருந்து. ரேடாரின் அலை என்னை எட்டினால், என் அலையும் அதை எட்டக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரூட்டர்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ரேடாருக்குரிய அலைவரிசையில் ஏறுமுன் 60 நொடி காதைக் கொடுத்துக் கேட்கும். சுழலும் ரேடார் தன் பக்கம் திரும்ப அவகாசம் வேண்டுமே. இயங்கும்போது துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் வெளியேறி, 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைகாட்டாது. எல்லாம் கருவி விதிப்படி நடந்தால்தான். 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரை 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள் தொல்லைப்படுத்தின.

ஒவ்வொரு கருவியும் தனித்தனியே முடிவெடுப்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு கோபுரம் வரம்புக்குள் இருக்கலாம். ஆயிரம் கோபுரங்கள் சேர்ந்தால்? கூட்டுத்தொகையைப் பார்க்க நடுவர் வேண்டும். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை, 2015-இல் வகுத்த விதிகளின்படி அந்த வேலையைக் கணினி மையங்கள் செய்கின்றன. கடற்படை ரேடாருக்கு முதலிடம்; உரிமம் வாங்கியவர் அடுத்து; மற்ற எவரும் மிச்சத்தில். கடலோர உணரிகள் போர்க்கப்பல் ரேடாரைக் கேட்டதும், எந்தக் கோபுரங்களின் கூட்டு அலை வரம்பு மீறுகிறது என்று மையம் கணக்கிட்டு, அவற்றை 300 நொடிக்குள் வேறு அலைவரிசைக்கு மாற்றும் அல்லது நிறுத்தும். கப்பல் எங்கே என்பது இராணுவ ரகசியம். அதனால் காப்பதும் ஒரு புள்ளியை அல்ல, கடலில் பெரும் பரப்பை. உணரிகளும் கப்பலின் இருப்பிடத்தைச் சேமித்து வைக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த உணரிக்கும் அமைதி தேவை. அதன் அருகிலுள்ள கோபுரங்கள், கடலில் கப்பலே இல்லாத நாளிலும், திறனைக் குறைத்தாக வேண்டும். ரேடாரைக் காக்க உணரி, உணரியைக் காக்க இன்னொரு காலி வட்டம். ஆகவே சில பகுதிகளில் உணரியை விட்டுவிட்டு, ரேடாரை இயக்குபவரே இணையத்தில் நேரத்தைப் பதிவுசெய்யும் முறை வந்திருக்கிறது. எனக்கு அதுவே உருப்படியான வழியாகப் படுகிறது. ஆனால் எப்போது, எந்த அலைவரிசையில் இயங்கப்போகிறோம் என்பதை இராணுவம் முன்கூட்டிச் சொல்லச் சம்மதிக்க வேண்டும்.