நீர் வற்றும் வேளையில் கேமரா நிற்க வேண்டிய இடம்

தென் கரோலினாவின் கடற்கரைச் சதுப்புகளில் பறவைகளைப் படமெடுப்பதும், எடுக்கக் கற்றுத் தருவதும் என் தொழில். வகுப்புக்கு வருபவர்கள் முதலில் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள்; நான் அவர்களிடம் கேட்பது, அன்றைய ஓத (கடல்நீர் ஏறி வற்றும் நேர) அட்டவணையைப் பார்த்தீர்களா என்பதுதான். உப்புச் சதுப்பில் இரை தேடும் நேரத்தைச் சூரியனைவிடக் கடலே அதிகமாகத் தீர்மானிக்கிறது. நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றுகிறது. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. நேற்று ஏழு மணிக்குக் கிடைத்த காட்சிக்காக இன்றும் ஏழு மணிக்கே போய்க் காத்திருப்பவர், நீர் இன்னும் போதிய அளவு வடியாத சதுப்பைத்தான் பார்ப்பார்.

மர்ரெல்ஸ் இன்லெட் ஊரை ஒட்டிய ஹண்டிங்டன் பீச் மாநிலப் பூங்காவில் இதைக் கண்கூடாகக் காணலாம். அங்கே கரைச் சாலையின் ஒருபுறம் ஸ்பார்ட்டினா புல் மண்டிய உப்புச் சதுப்பு. மறுபுறம் அலிகேட்டர் வகை முதலைகள் வாழும் நீர்நிலை. உப்பை வெளியேற்றும் சுரப்பி குரொக்கடைல் வகை முதலைகளின் நாக்கில் உண்டு. அலிகேட்டருக்கு அது பயன்படும் நிலையில் இல்லை. ஆகவே அலிகேட்டர் உப்புநீருக்கு நண்டும் மீனும் தின்ன வரும், சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு நன்னீருக்குத் திரும்பிவிடும். திரும்பும் அந்த வழியில் முக்காலியை ஊன்றிக்கொண்டு உட்காரக் கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் சேற்றில் வழுவழுப்பாகப் பதிந்திருக்கும் அந்தத் தடம், இறங்குவதற்கு வசதியான பாதையைப் போலவே தோன்றும்.

நீர் வடிய வடிய, ஓடைகளின் வளைவுகளில் மடவையும் இறாலும் அடைபட்டுப் போகின்றன. முதலில் வருபவை வெள்ளைக் கொக்குகள்; அவற்றுள் மஞ்சள் பாதமுள்ள சிறிய இனம் காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். பிறகு உட் ஸ்டார்க் நாரை இறங்குகிறது. நம் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் காணும் மஞ்சள்மூக்கு நாரையின் பேரினத்தைச் சேர்ந்த இந்தப் பறவை, கண்ணை நம்பி இரை பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து நீரில் அமிழ்த்தி நடக்கும். மீன் பட்டதும் சுமார் 25 மில்லி விநாடியில் அலகு மூடிக்கொள்ளும். தொட்டுப் பிடிக்க வேண்டுமானால் மீன்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். அந்த நெருக்கம் நீர் வற்றும் சில மணி நேரத்துக்கு மட்டுமே உண்டு. ஓர் இணை தன் குஞ்சுகளோடு ஒரு பருவத்தைக் கழிக்க ஏறத்தாழ 200 கிலோ மீன் தேவைப்படுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இடையில் பறிபோகும் அரை மணி நேரத்தின் விலை புரியும்.

அந்த விலையை என்னால் ஒரு பறவைக் கூட்டம் கொடுத்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், கீழ்க்கோணம் வேண்டுமென்று பத்தடி மட்டும் கீழே இறங்கினேன். முழங்கால்வரை கரிய சேறு, அழுகிய முட்டை நாற்றம், ஒரு தடுமாற்றம். அவ்வளவுதான், நாரைகள் பதினொன்றும் எழுந்து போயின. அந்த வற்றத்தில் அவை திரும்பி வரவே இல்லை. எனக்குக் கிடைத்தவை பறவைகளின் முதுகுகள். 1984இல் அமெரிக்காவில் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டு, 2014இல்தான் ஒரு படி தேறிய இனம் அது என்பதைப் பிறகு படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை நிமிர்த்திப் பார்ப்பது, இரை தேடுவதை நிறுத்துவது, ஒரே பக்கமாக நகர்வது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் இப்போது நான் பின்வாங்கிவிடுகிறேன்.

அலிகேட்டருக்கும் நமக்கும் இடையே 60 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நீருக்கு மேல் தெரியும் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எத்தனை அங்குலமோ, உடல் ஏறத்தாழ அத்தனை அடி நீளம். குத்துமதிப்பான இந்தக் கணக்கு, வெறும் கட்டையைப் போலத் தெரியும் ஒன்றை ஒன்பதடி விலங்காகப் பார்க்க வைக்கும். கொக்கு கரையோரமாக மீன் பிடிக்கிறது என்றால், அதே மீனுக்காக அலிகேட்டரும் அதே ஓரத்தில் இருக்கக்கூடும். கேமராவின் பார்வைத் துளையில் கண் பதித்திருப்பவருக்குப் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆகவே என் வகுப்பில் ஒருவர் படமெடுக்க, மற்றவர் நீரோரத்தைக் கவனிக்க வேண்டும்.

மனிதரைக் கண்டதும் விலகாமல் நேராக நீந்தி வரும் அலிகேட்டர், பெரும்பாலும் யாரோ தீனி போட்டுப் பழக்கிய ஒன்று. தீனி போடுவது இம்மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ‘ஒரே ஒரு மீன் துண்டு’ என்று கெஞ்சுபவர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன். ஏனெனில் பயம் தெளிந்த விலங்கைப் பொதுவாக வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை, கொன்றுவிடுகிறார்கள். 1967இல் அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்டு, பாதுகாப்பால் 1987இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்ட விலங்கு இது.

தொழில்நுட்பத்தில் சொல்ல அதிகம் இல்லை. கரிய சேற்றின் முன் வெள்ளைப் பறவை வெளிறிவிடும். ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்து, வெள்ளைக்கு ஏற்ப அளந்து, அலிகேட்டரின் இருளைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். அலகு மூடும் கணத்தைப் பிடிக்க முயல வேண்டாம், விரல் அதற்கு ஈடு கொடுக்காது. நாரையும் சரி, அலிகேட்டரும் சரி, விழுங்குவதற்குத் தலையைத் தூக்கும். மீன் வெள்ளியாக மின்னும் அந்த நொடிக்காகவே 600 மிமீ லென்ஸோடு சாலையில் நிற்கிறோம்.

நீர் மீண்டும் ஏறத் தொடங்கியதும் புல்லின் அடித்தண்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கும். நாரைகள் மேட்டில் ஒதுங்கி இறகு கோதும். அப்போது நான் லென்ஸுக்கு மூடி போட்டுவிடுகிறேன்.