இளநீர், தவளை, லண்டன் குழாய்த்தண்ணீர்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இளநீர் குடித்தால் இதயமே நின்றுபோகும் என்று டாக்டர் பயமுறுத்துகிறார். உடம்புக்குக் குளிர்ச்சியான இளநீர் எப்படி ஐயா இதயத்தை நிறுத்தும்?”

டாக்டர் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மிகுதியானது சிறுநீரோடு போய்விடும். உங்கள் அப்பாவுக்கு அது ரத்தத்திலேயே தங்கும்.

உப்பு தண்ணீரில் கரைந்தால் அயனிகளாகப் பிரியும் என்பது பள்ளிப் பாடம். இதயச் செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. சோடியம் உள்ளே பாயும்போது மின்சமிக்ஞை பிறக்கிறது. பொட்டாசியம் வெளியேறும்போது அடங்குகிறது. இதை இத்துடன் விட்டுவிடுகிறேன். என் மனம் முழுக்கக் கால்சியத்தில் இருக்கிறது.

1882-இல் சிட்னி ரிங்கர் என்ற லண்டன் மருத்துவர், வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்கவைத்துக் கட்டுரை எழுதினார். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்து பார்த்தபோது துடிப்பு சிறிது நேரத்தில் ஓய்ந்துவிட்டது. விசாரித்தால், முதலில் பயன்படுத்திய கரைசல் குழாய்த்தண்ணீரில் செய்யப்பட்டது! லண்டன் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883-இல் தன் பிழையைத் தானே அச்சிட்டு ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான்.

அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரில் இருக்கிறது என்று நாம் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ரிங்கர் சிரித்திருக்க மாட்டார். ஆனால், ‘தண்ணீரை மாற்றிப் பார்க்கப் போகிறேன்’ என்று இன்று ஒருவர் விண்ணப்பம் எழுதினால் எந்தக் குழு நிதி கொடுக்கும்? ‘சமூகப் பயன் என்ன?’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கால்சியம் செய்வது என்ன? ஓய்வில் இருக்கும் இதயச் செல்லுக்குள் அது, வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மின்சமிக்ஞை வந்ததும் சவ்வில் சில வாசல்கள் திறந்து கொஞ்சம் கால்சியம் நுழையும். தசையைச் சுருக்க அது போதாது. செல்லுக்குள்ளேயே கால்சியத்தைச் சேமித்துவைத்த பைகள் உண்டு. அவற்றின் கதவைத் திறக்கும் சாவியும் கால்சியம்தான். பாபநாசம் அணையின் மதகு, வெளியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் மட்டுமே திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு செம்பு இல்லாவிட்டால் அணை நிறைந்திருந்தும் வயல் காயும். பையிலிருந்து கொட்டிய கால்சியம் டிரோபோனின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள, தசையிழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சுருங்குகின்றன. உடனே கால்சியம் மீண்டும் பைக்குள் இறைக்கப்படுகிறது, இதயம் தளர்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பென்றால் இத்தனையும் 0.8 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். கைகால் தசைகளுக்கு இந்தச் செம்புத் தண்ணீர் தேவையில்லை. அங்கே சவ்வும் பையின் கதவும் நேராகவே பிணைந்திருக்கின்றன.

மாணவனாக இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புளியங்கொட்டை அளவுத் தவளை இதயம், அதில் கட்டிய நூல், நூலின் மறுமுனையில் நெம்புகோல், கரிப்புகை படிந்த காகிதம் சுற்றிய உருளை. கால்சியம் குளோரைடு சில சொட்டு விட்டதும் காகிதத்தில் கோடுகள் உயர்ந்தன. கூடுதலாக விட்டால், மூடிய முஷ்டிபோல் இறுகி நின்றுவிடும். பொட்டாசியம் குளோரைடு நேரெதிர்: கோடுகள் குட்டையாகிக்கொண்டே போய், இதயம் துவண்டு தளர்ந்து நின்றது. ரிங்கர் கரைசலால் கழுவினோம். சற்றுப் பொறுத்து நூல் லேசாக அசைந்தது. சட்டையெல்லாம் கரி, யாருக்கும் அது நினைவில்லை.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வெளியே அது மிகுந்தால் செல் முழு ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாது. சோடியம் வாசல்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராகாமல் முடங்கிவிடும். சமிக்ஞை மந்தமாகப் பரவும், நாடி தளரும், கடைசியில் நிற்கவும் கூடும். இதயத்தைத் திறந்து அறுவைசிகிச்சை செய்யும்போது டாக்டர்களே பொட்டாசியக் கரைசல் செலுத்தி இதயத்தை நிறுத்திவைக்கிறார்கள்.

ஈசிஜியைப் பாதிக்கும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறி வருபவருக்கு முதலில் போடும் ஊசி எது தெரியுமா? கால்சியம்தான். அது பொட்டாசியத்தை இம்மியும் குறைக்காது. இதயச் செல்களை நிலைப்படுத்தி அரைமணி, ஒருமணி நேரம் வாங்கித் தரும். அதற்குள் இன்சுலினும் குளுக்கோசும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும்.

‘இயற்கையானது கெடுதல் செய்யாது’ என்று வாழைத்தண்டுச் சாற்றையும் இளநீரையும் எல்லோருக்கும் பரிந்துரைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பொட்டாசியத்துக்கு இயற்கை, செயற்கை தெரியாது. இன்னொன்று: ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். அடுக்களையில் உள்ள உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால் அப்பாவின் சமையலில் சேர்க்காமல், டாக்டரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.