ரேஷன் என்றால் பங்கு: ஒரு சொல் விளக்கம்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் ராமநாதபுரம் கரையில் எந்த ஊரில் போய்க் கேட்டாலும் அது ‘ரேசன்’தான். ரேசன் கடை, ரேசன் கார்டு, ரேசன் அரிசி. கடைப் பலகையில் ‘நியாய விலைக் கடை’ என்றும் அட்டையில் ‘குடும்ப அட்டை’ என்றும் இருக்கும், ஆனால் அந்தப் பெயர்கள் யார் வாயிலும் வருவதில்லை. வாயில் வருகிற ரேசனும் பல நேரம் குரலைத் தணித்துக்கொண்டுதான் வருகிறது. “ரேசன் அரிசியா திங்கிறீக?” என்று ஒருவர் கேட்டால் அது விசாரிப்பு இல்லை, குத்தல். பெண் பார்க்க வந்த வீட்டில் “நாங்க கடை அரிசிதான், ரேசன்ல வாங்குறது கோழிக்கு” என்று கேட்காமலே சொல்லிவிடுவார்கள். அந்தக் கோழிகள் சாப்பிடுவதாகச் சொல்லப்படும் அரிசியைக் கணக்குப் போட்டால் இந்தக் கரையில் மனிதரைவிடக் கோழிகள் அதிகம் இருக்க வேண்டும். உண்மையில் அது இட்லி மாவாகவும் மத்தியானச் சோறாகவும் அந்த வீட்டுத் தட்டில்தான் விழுகிறது, அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

ரேஷன் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது, ஆங்கிலத்துக்கு பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘ராஷியோ’ என்றால் கணக்கு, கணிப்பு, அளவு. கணிதத்தில் விகிதத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘ரேஷியோ’வும் அதே சொல்தான். ஆக ரேஷன் என்பதன் வேர்ப்பொருளில் தர்மமும் இல்லை, இலவசமும் இல்லை, ஏழை என்ற நினைப்பும் இல்லை. ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வைத்த அளவு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது முதலில் ஊன்றி நின்றது பட்டாளத்திலும் கப்பலிலும். ஒரு சிப்பாய்க்கு நாளைக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு இறைச்சி என்று அளந்து கொடுப்பது ரேஷன். நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம். அவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், எல்லையில் ரேஷன் எப்படி வரும், டின்னில் என்ன இருக்கும் என்று பெருமையோடு சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு ராணுவ கேண்டீனில் அட்டையைக் காட்டிக் குறைந்த விலைக்குச் சாமான் வாங்குவதும் கௌரவம்தான். அரசு ஒரு கணக்கு வைத்துக் கொடுப்பதும் அதை அட்டை காட்டி வாங்குவதும் அங்கே மரியாதையாக இருக்கிறது, தெருமுனைக் கடைக்கு வந்தவுடன் இளக்காரமாகிவிடுகிறது.

சாதாரண மக்களுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போரில். 1942-இல் பர்மாவை ஜப்பான் பிடித்தது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது, அடுத்த வருடம் வங்காளத்தில் பெரும் பஞ்சம். இருக்கிற தானியத்தை அளந்து கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் நகரம் நகரமாக ரேஷன் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அன்றைக்கு ரேஷன் என்பது உதவியே இல்லை, அது ஒரு கட்டுப்பாடு. பணம் இருந்தாலும் அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. வக்கீல் வீடும் வரிசையில் நின்றது, வண்டிக்காரர் வீடும் நின்றது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1952-இல் சென்னை மாகாணத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். எடுத்தபோது ஜனங்களுக்கு அது விடுதலையாகத்தான் தெரிந்தது. எல்லாரும் நின்ற வரிசையில் யாருக்கும் யாரைப் பார்த்தும் இளப்பம் வரவில்லை.

அப்படியானால் இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? இன்னும் பழைய இடத்திலிருந்து. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் முழுக்க ஜனங்கள் செத்து விழுந்தபோது, செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கணக்கு வைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், வேலை செய்கிற உடம்புக்கு அது போதாது என்று எதிர்த்து எழுதினார். உதவியைக் கஷ்டமானதாகவும் கூசச் செய்வதாகவும் வைத்தால்தான் உண்மையிலேயே வேறு வழியில்லாதவன் மட்டும் வருவான் என்பது அந்தக் காலத்து அரசின் கொள்கை, இங்கிலாந்தின் 1834-ஆம் வருட ஏழைச் சட்டத்திலேயே இருந்தது. அதனால் கூச்சம் தானாக வந்ததில்லை, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தைக் குறித்த ‘கஞ்சித் தொட்டி’ என்ற சொல் தமிழில் வசவாக நின்றதும் அந்த வழியில்தான். நம் பக்கம் வானம் பார்த்த பூமி, பஞ்சத்தை நன்றாகத் தெரிந்த பூமி. வீட்டில் தானியம் தீர்ந்தவர்கள் இந்தக் கரை வழியாகத்தான் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கையேந்துவதற்குப் பதிலாகக் கடல் தாண்டிப் போவோம் என்று போன தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு ரேஷன் கடை வாசல் கூசுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கடை கஞ்சித் தொட்டி இல்லை, அது வேறு, இது வேறு.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ரேஷனைக் கெடுத்தது அதுதான். ‘ஓசி’. கம்பெனி ஆட்சிக் காலத்தில் கம்பெனிக் காரியமாகப் போகும் தபாலுக்குக் காசு வாங்காமல் ‘ஓ.சி.’ என்று குறி போட்டார்கள், அதிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்திருந்தாலும் இன்றைக்கு அதன் பொருள், உழைக்காமல் தகுதியில்லாமல் வாங்குவது. ‘ஓசி அரிசி’ என்று சொல்கிறவர் அந்தப் பொருளை முழுசாகத் தெரிந்துதான் சொல்கிறார். ‘இலவசம்’ என்ற சொல்லிலும் அந்த வாடை ஏறிவிட்டதால்தான் 2011-இல் அரிசி விலையில்லாமல் வரத் தொடங்கியபோது அரசு ‘விலையில்லா அரிசி’ என்று எழுதியது. நல்ல எண்ணம்தான், ஆனால் விலை இல்லை என்று சொன்னால் மதிப்பு இல்லை என்றும் காதில் விழுகிறதே.

சரி, ரேஷனுக்கு நேரான தமிழ்ச் சொல் எது? பங்கீடு. பங்கு, அதோடு ஈடு. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆகிறது, ஒதுக்கீடு, முறையீடு, காப்பீடு எல்லாவற்றிலும் இருக்கிற அதே ஈடு. பங்காக இடுவது பங்கீடு. ரேஷன் கார்டுக்குப் ‘பங்கீட்டு அட்டை’ என்ற பெயர் முன்பு இங்கேயும் வழங்கியது, இலங்கைத் தமிழிலும் உண்டு. ‘நியாய விலைக் கடை’ விலையைச் சொல்கிறது, ‘குடும்ப அட்டை’ யாருடையது என்பதைச் சொல்கிறது, ‘பொது விநியோகம்’ அலுவலகத் தமிழ். இவை எதிலும் ரேஷனின் வேர்ப்பொருள் இல்லை. பங்கீட்டில் மட்டும்தான் கணக்கும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

கடற்கரையில் பங்கு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடு, அதாவது மீன்பிடிப்பு, முடிந்து படகு கரைக்கு வருகிறது, மீனை ஏலம் விட்ட பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள். படகுக்கு, வலைக்கு, ஏறிப் போன ஆளுக்கு என்று தனித்தனியாக. தன் பங்கை வாங்க எந்தக் கடலோடியும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை, குறைந்தால் சண்டைதான் நடக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் கோவிலும் அதைச் சுற்றிய சனமும்கூட. பக்ரீத்தில் அறுக்கும் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி ஒரு பங்கைச் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கை ஏழைகளுக்கும் கொடுக்கிறார்கள் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும். இத்தனை மதிப்பான ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஓசி என்ற சொல்லை எடுத்ததுதான் எனக்கு வருத்தம்.

படி என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. படி முதலில் அளக்கிற கொள்கலன், பிறகு அளந்து தருகிற தானியம், பிறகு தருகிற தொகை. 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொன்னது அந்தப் படிதான். அரசு ஊழியர் சம்பளத்தில் வருகிற ‘அகவிலைப்படி’யும் அதே படிதான்! அகவிலை என்றால் தானிய விலை. தானியம் விலை ஏறியதற்காகத் தருகிற படி அது, போர்க்காலத்தில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு உணவுப்பொருள் விலையேற்றத்துக்கான படியாகவே கொடுக்கப்பட்டது. ரேஷன் கடையும் அகவிலைப்படியும் ஒரே போரில் ஒரே காரணத்துக்காக வளர்ந்தவை. ஒன்று உயர்ந்தால் செய்தித்தாளில் தலைப்பு, வீட்டில் சந்தோஷம். இன்னொன்றை வாங்கினால் குத்தல். ஏன் என்று யோசித்துப் பார்த்தால், வாங்குகிறவர் யார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்க்கரையையும் கொஞ்சம் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் இது ‘கூப்பன்’ அரிசி. அங்கே நெடுங்காலம் பணக்காரர் ஏழை என்று பிரிக்காமல் கூப்பன் கொடுத்தார்கள். 1953-இல் ஒரு அளவு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசிக்காகத் தெருவில் இறங்க யாரும் கூசவில்லை, ஏனென்றால் அது எல்லாருடைய அரிசி. 1970-களின் கடைசியில் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கி, பிறகு கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும் உணவு முத்திரையாக மாற்றினார்கள். இந்தியாவிலும் 1997-இல் வறுமைக் கோட்டை வைத்துப் பிரித்தபோது தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அது பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன், பிரிக்கிற இடத்தில்தான் இளப்பம் நுழைகிறது. ஆனாலும் இங்கேயும் ஒரு சின்னப் பிரிவு வந்தது. பச்சைக் கார்டு அரிசிக்கு, வெள்ளைக் கார்டு சீனிக்கு. வெள்ளைக் கார்டு வைத்திருப்பதே அந்தஸ்து என்று அரிசியை விட்டுக்கொடுத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் நீண்டு, படகு கடனில் மூழ்கி, வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில் மாட்டிக்கொண்ட பிறகு, அந்தக் கார்டை மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள்.

தடைக்காலம் என்றவுடன் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்குத் தருகிற தொகை 8,000 ரூபாய், 5,000-த்திலிருந்து உயர்த்தப்பட்டது. அதை எல்லாரும் ‘நிவாரணம்’ என்கிறார்கள். மீன் குஞ்சு பொரிக்க விடுவதற்காக அரசே தொழிலை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொடுப்பது நிவாரணமா, இழப்புக்கான ஈடா? ஈடு என்பதே சரி. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தருகிற 4,500 ரூபாயில் 1,500 மீனவர் தானே கட்டிய காசு, அதையும் நிவாரணம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரை மாற்றுவதால் எல்லாம் மாறிவிடாது என்பது தெரியும். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. மண்டபம் முகாமில் இருக்கிறவர்களுக்கு அதனால் வீடு பெரிதாகவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை தன் முகவரியை எழுதுகிறபோது ‘அகதி’ என்ற சொல்லை எழுதாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

வெட்கமில்லாத ரேஷன் அரிசியைப் பார்க்க வேண்டுமென்றால் நோன்பு மாதத்தில் வாருங்கள். நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு வருடா வருடம் பச்சரிசி ஒதுக்குகிறது. அந்த அரிசி பெரிய சட்டியில் கஞ்சியாகி அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு விநியோகமாகும், மாடி வீட்டுப் பிள்ளையும் ஓட்டு வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் தூக்குச்சட்டியோடு நிற்கும், மற்ற சமயத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாங்கிப் போவார்கள். “லாத்தா, எங்களுக்கும் ஒரு சட்டி எடுத்து வைங்க” என்று சத்தமாகச் சொல்வார்கள். அரசு கிடங்கிலிருந்து வந்த அதே அரிசிதான். மாதம் முழுக்கக் குடித்தவர் யாரும் ஓசிக் கஞ்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வெட்கத்தால் வருகிற கெடுதல் பேச்சோடு நிற்பதில்லை. செறிவூட்டிய அரிசி வந்தபோது ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பரவிய வதந்தி அவ்வளவு வேகமாகப் பிடித்ததற்குக் காரணம், ரேஷனில் நல்லது வராது என்ற எண்ணம் முன்னமே இருந்ததுதான். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்று கலந்தார்கள். கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், பொறுக்கி எறிய வேண்டியதில்லை. அப்புறம் கைரேகை. கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கும் வலை இழுக்கிற ஆண்களுக்கும் பாறையும் கயிறும் உப்பும் விரல் ரேகையைத் தேய்த்துவிடுகின்றன. மிஷின் எடுக்கவில்லை என்றால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, கூசிப்போய் வெறும் பையோடு திரும்புகிறார்கள். ரேகை விழாவிட்டால் வேறு வழியில் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், கருவிழி பார்க்கும் கருவியும் வந்திருக்கிறது.

2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ, முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு 5 கிலோ. அதற்கு வெளியே இருக்கிற அரிசி அட்டைகளுக்கும் தமிழ்நாட்டில் ஆள் கணக்குப்படி 20 கிலோ வரை உண்டு. துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். எடை குறைந்தாலோ, ‘ஸ்டாக் இல்லை’ என்று மாதம் முழுக்கச் சொன்னாலோ, வாங்காத சாமானுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ 1967 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பேசும்போது “ஏதோ பார்த்துப் போடுங்க” என்று கேட்காதீர்கள். “எங்க பங்கு இவ்வளவு, குறையுது” என்று சொல்லுங்கள்.