மூடாக்குக்கு அடியில் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள்

போன பங்குனியில் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் ஒரு வீட்டில், எலுமிச்சைக் கன்று காய்கிறது வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கன்றைச் சுற்றித் தேங்காய் மட்டை, சருகு, வெட்டிய புல் எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது, தண்டே தெரியவில்லை. "தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன் தம்பி, அப்படியும் காயுது" என்றார் அந்த அக்கா. சருகை விலக்கினேன். மேலே நல்ல ஈரம். அடியில் மண் பொடிப் பொடியாக இருந்தது, விரலில் ஒட்டக்கூட இல்லை. தண்டோடு சருகு ஒட்டிக் கிடந்த இடத்தில் மட்டும் ஈரம் தங்கிப் பட்டை கறுத்துப்போய், நகத்தால் சுரண்டியதும் வழுவழுவென்று உரிந்து வந்தது. ஊற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் சருகே குடித்திருக்கிறது, மீதி தண்டை அழுக வைத்திருக்கிறது. பட்டை சுற்றிலும் போய்விட்டதால் அந்தக் கன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

இதே தவறை மாதத்துக்கு நாலைந்து வீட்டிலாவது பார்க்கிறேன். செடியைச் சுற்றி மண்ணைச் சருகால் மூடி வைப்பதுதான் மூடாக்கு. அது நல்லது என்று கேள்விப்பட்டுப் போடுகிறார்கள், எப்படிப் போடுவது என்று யாரும் சொல்வதில்லை.

மூடாக்கு என்றாலே தண்ணீர் மிச்சம் என்றுதான் பேசுகிறோம். மண்டபத்திலிருந்து தொண்டி வரை நம் கரையோரத்தில் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உப்பு. இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உவர்ப்பு. ஊற்றிய தண்ணீரை வெயில் மேலே இழுக்கும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மண்ணின் மேல்பரப்பில் தங்கிவிடும். செடி மூட்டில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதே, அதுதான். மூடாக்கு இருந்தால் ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும். ஆனால் இருக்கிற உப்பை அது எடுத்துவிடாது, அதைக் கழுவிக் கீழே இறக்குவது ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

சரி, எப்படிப் போடுவது? முதலில் மண்ணை நன்றாக நனையுங்கள், காய்ந்த மண்ணின் மேல் போட்டால் அந்தக் காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறீர்கள். சருகு என்றால் மூன்று நான்கு அங்குலக் கனம் போதும். கத்தரி, மிளகாய்க்குத் தண்டிலிருந்து நாலு விரல், மரக்கன்றுக்கு ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பரப்புங்கள். தண்ணீரைச் சருகின் மேல் தெளிக்காமல், ஒதுக்கிவிட்டு மண்ணில் ஊற்றுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மூடாக்குக்கு அடியில் ஓடட்டும். ஆடிக் காற்றில் சருகு நிற்காது, மேலே நாலு பனை மட்டையைக் குறுக்கே போட்டுவிடுங்கள்.

பொருளிலும் கவனம் வேண்டும். தென்னை நார்க்கழிவை மூட்டையிலிருந்து அப்படியே கொட்டாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, மக்க வைத்துப் போட வேண்டும். மக்காத நார்க்கழிவும் மரத்தூளும் மண்ணோடு கலந்துவிட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். கரையில் ஒதுங்கும் கடல்பாசியிலும் உப்பு இருக்கும், ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் நனையவிட்டால்தான் தோட்டத்துக்கு ஆகும். பனையோலையைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடலாம், ஆனால் காய்ந்த ஓலையடியில் கரையான் பிடிக்கும், வாரம் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டுப்புழுக்கை பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆடுகள் சீமைக்கருவேலங்காயைத்தான் தின்கின்றன, விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வருகிறது. பச்சையாகப் பரப்பிவிட்டு, இரண்டு மழைக்குப் பிறகு பாத்தி முழுக்கக் கருவேலங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழியில் நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடுங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் மூடாக்கைப் பாத்தி ஓரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள், மழைத்தண்ணீர் நேராக மண்ணில் இறங்கி உப்பைக் கழுவட்டும். வேர்மூட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து மார்கழி கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஒதுக்கி வைத்ததைத் திரும்பப் பரப்பி அதன் மேல் புதுச் சருகு போட்டால் பங்குனி வெயில் வரைக்கும் தாங்கும்.