திருமண வயது அல்ல, இசைவு வயது

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து வழக்கு ஒன்றைப் பற்றியது. ‘இளையவர் திருமண வயதை எட்டாதவர் என்பதால்’ என்று நடுவில் ஒரு வரி. வழக்கில் வரும் இருவரும் ஆண்கள். சம்பவம் 2000ஆம் ஆண்டு. அன்றைக்கு அந்த மாநிலத்தில் இரண்டு ஆண்கள் எந்த வயதிலும் திருமணம் செய்துகொள்ள முடியாது. அப்புறம் அவர் எட்டாத திருமண வயது எது?

முதல் தடவை என்றால் ஒரு கோடு போட்டுத் திருத்திவிட்டுப் போயிருப்பேன். ‘ஏஜ் ஆஃப் கன்சென்ட்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் தொலைக்காட்சி விவாதத்திலும் செய்தித் தலைப்பிலும் திருமண வயதாகத்தான் வந்து இறங்குகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இதைத்தான் நான் ‘இசைவு வயது’ என்று எழுதுகிறேன். பொருள் சிக்கலானது இல்லை. பாலுறவுக்கு ஒருவர் சரி என்று சொன்னால், அந்தச் ‘சரி’யைச் சட்டம் கணக்கில் எடுக்கத் தொடங்கும் வயது. அதற்குக் கீழே அவர் நூறு முறை சரி என்றாலும் சட்டத்தின் காதில் விழாது. கல்யாணம் இதில் எங்கும் வரவில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணுக்கு இந்த வயதை 10 என்று வைத்தது. 1891இல் அது 12 ஆனது. கணவனுக்கும் இது பொருந்தும் என்பதால்தான் திலகர் போன்றவர்கள் அவ்வளவு எதிர்த்தார்கள். பொதுவான குறைந்தபட்சத் திருமண வயது என்று ஒன்று 1929இல் சாரதா சட்டத்தோடுதான் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. ஆக, அதற்கு முந்தைய ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஒரு கோடு மட்டும் இருந்தது, மற்றது இல்லை. இன்று பெண்களுக்கு இரண்டும் 18இல் வந்து நிற்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. ஆணை வைத்துப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். அவருடைய திருமண வயது 21. போக்சோ சட்டம் 2012இல் போட்ட கோடோ ஆண், பெண் எல்லோருக்கும் 18.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘கூட’, ‘உணர்’ என்னும் இரண்டும் சேர்ந்ததுதான் கன்சென்ட். சம்மதம் வடமொழி, ‘ஒன்றாக எண்ணியது’. இசைவு நம்முடையது. இசை என்றால் பொருந்து, இணங்கு.

திருமண வயதைத் தள்ளிவிட்டால், அடுத்து ‘ஒப்புதல் வயது’ என்று ஒரு கூட்டம் வருகிறது. தனித்தமிழ்ச் சொல், அரசாணையிலும் உண்டு, உனக்கு வேறென்ன வேண்டும் என்கிறார்கள். எனக்கு வேண்டியது தெளிவு. நீதிமன்றத் தமிழில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுப்பது. குற்ற வழக்கைப் பற்றிய செய்தியில் ‘ஒப்புதல் வயதை அடையாத மாணவர்’ என்று எழுதினால், வாக்குமூலம் கொடுக்க வயதாகவில்லை போலிருக்கிறது என்று படிக்கிறவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. அதோடு ஒப்புதல் மேலிருந்து கீழே வருவது. வரைபடத்துக்கு ஒப்புதல், விடுப்புக்கு ஒப்புதல், நிதிக்கு ஒப்புதல். கோப்பு மேசையில் இருக்கும், கையெழுத்து விழும். இரண்டு பேருக்கு நடுவே சமமாக நிகழ வேண்டியதற்கு இந்தச் சொல்லா? தமிழ்ச்சொல்லாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களிடம்தான் இந்தக் கோளாறு. நானும் வடமொழியைத் தேடிப் போகிறவன் இல்லை. ஆனால் ‘ஒப்புதல் வயது’, ‘சம்மத வயது’ இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கூச்சமில்லாமல் சம்மதத்தை எடுப்பேன்.

சம்மதத்தில் எனக்குள்ள குறை வேறு. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற பழமொழி அந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்ததுபோல ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் ‘பொண்ணுக்குச் சம்மதமா?’ என்று கேட்பதும் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவிடம்தான். இந்தச் சட்டத்துக்கு இதைவிடப் பொருந்தாத பின்னணி கிடைக்காது. இசைவில் அந்தச் சுமை இல்லை. (மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குக் கொடுக்கும் இசைவாணையை நினைவூட்டி ஒரு நண்பர் கேலி செய்தார். இருக்கட்டும்.)

இவ்வளவு கறாராக இருப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்காகத்தான் அந்தக் கான்சஸ் வழக்கு. அங்கே இசைவு வயது 16. அதற்குக் கீழ் இருப்பவரோடு உறவு கொண்டால் குற்றம். ஆனால் இருவரும் பதின்ம வயதினர் என்றால் கடுமையைக் குறைக்க 1999இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூத்தவர் 19ஐத் தொடாதவராக, இடைவெளி 4 ஆண்டுக்குள் இருந்தால் தண்டனை லேசு. கூடவே ஒரு நிபந்தனை: ஒருவர் ஆண், மற்றவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒரே விடுதிப் பள்ளியில் இருந்த இருவர், ஒருவருக்கு 18 முடிந்து சில நாள், மற்றவருக்கு 15 நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாயப்படுத்தல் இல்லை என்பதில் தகராறு இல்லை. இளையவர் பெண்ணாக இருந்திருந்தால் மூத்தவருக்கு அதிகபட்சம் 15 மாதம். ஆணாக இருந்ததால் 17 ஆண்டு 2 மாதம்.

இங்கே சலுகை வேண்டுமா என்பது ஒரு கேள்வி. 14 வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு தளரலாமா என்று தயங்குவதில் நியாயம் உண்டு, எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் அது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டாமா? ‘திருமண வயது’ என்று எழுதிய கணத்தில் இந்தக் கேள்வியே வாசகருக்குப் போய்ச் சேராது. கல்யாணம் என்றதும் மனத்தில் ஆணும் பெண்ணும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், பாரபட்சத்துக்கு உள்ளான மாணவருக்கு அந்தச் சொல்லிலேயே இடமில்லாமல் போகிறது.

பிரிட்டனும் இதே வழியில் நடந்ததுதான். பெண்ணுக்கு 16 என்பது 1885 முதல். ஆண்கள் இருவருக்கு 1967 வரை இங்கிலாந்தில் எந்த வயதிலும் குற்றம், பிறகு 21, 1994இல் 18. 16 ஆகச் சமப்படுத்தும் சட்டத்தைப் பிரபுக்கள் சபையின் எதிர்ப்பையும் மீறி 2000இல் கொண்டுவந்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2018 வரை (2009–2013 இடைவெளியைத் தவிர) ஆண்கள் இருவருக்கு இசைவு வயது என்ற ஒன்றையே வைக்கவில்லை. எழுபது வயதுக்காரர் சரி என்றாலும் செல்லாது.

கான்சஸ் சட்டத்துக்குப் பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயர் ‘ரோமியோ ஜூலியட் சட்டம்’. நம்மவர்கள் அதைக் ‘காதலர் சட்டம்’ ஆக்கினார்கள். காதலித்தார்களா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, வயது வித்தியாசத்தைத்தான் கேட்டது. ‘நெருங்கிய வயதினர் விலக்கு’ என்றால் வேலை முடிந்தது. ரோமியோ, ஜூலியட் என்ற பெயரிலேயே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நுழைந்துவிட்டார்கள் என்பதையாவது கவனித்திருக்கலாம்.

2005 அக்டோபரில் கான்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. சட்டத்தை முழுதாகத் தூக்கவில்லை. பிழை திருத்துகிறவர்போல அந்தச் சில சொற்களை மட்டும் அடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்தது. 15 மாதம் இருந்திருக்க வேண்டிய இளைஞர் அதற்குள் ஐந்து ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

என்னிடம் வந்த கட்டுரையில் அந்தச் சொற்கள் ‘எதிர்பாலினத்தவர்’ என்று இருந்தன. ஆணும் பெண்ணும் எதிரிகளா என்ன? ‘மறுபாலினத்தவர்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது திருமண வயது போயிருந்தது. எதிர்பாலினத்தவர் அப்படியே இருந்தார்.