தாத்தா தூக்கிய கல் கொள்ளுப்பேரனுக்கு ஏன் மசியவில்லை?

திருநெல்வேலிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்க தாத்தா ஒல்லிக்குச்சி. ஊர் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவாராம். என் பையன் இரண்டு வருஷமா ஜிம்முக்குப் போறான். புஜம் தாத்தாவைப் போல இரண்டு மடங்கு. பொங்கலுக்குத் தூக்கிப் பார்த்தான், கல் முழங்காலைத் தாண்டலை. அந்தக் காலத்துச் சாப்பாடுதான் காரணமா?"

கம்பங்கூழுக்குக் கொடுக்க வேண்டியதற்கு மேலேயே பெருமை கொடுத்துவிட்டோம். காரணம் தட்டில் இல்லை, முதுகுத்தண்டில் இருக்கிறது.

முதலில் கல்லைப் பாருங்கள். நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. உருண்டை, வழவழப்பு, பிடிக்க ஒரு மூலை கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரு கைகளாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து நிமிர்ந்து, தோளுக்கு உருட்ட வேண்டும். ஜிம்மில் இருக்கும் கம்பி கைக்கு அடங்கும். எடை இருபுறமும் சமமாக நிற்கும். கல் அப்படி ஒத்துழைக்காது.

தசை நார்கள் சுருங்கினால் விசை. தடித்த தசையில் நார்ச்சரடு அதிகம், எனவே விசையும் அதிகம். இது பள்ளிப் பாடம், சரிதான். ஆனால் இருக்கிற நார்களில் எத்தனை, எப்போது, எவ்வளவு வேகமாக வேலைக்கு வருகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் ஓர் இயக்க நரம்பணு, தசைக்குள் போய்க் கிளை பிரிந்து பல நார்களைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவுக்குச் சுமார் பத்து நார்; கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு சைகை கொடுத்தால் அதன் நார்கள் அத்தனையும் சுருங்கும். பாதி சுருங்குவது என்ற பேச்சே இல்லை.

தேர் வடம் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லேசான வேலைக்குச் சிறிய நரம்பணுக்கள் மட்டும் வடம் பிடிக்கும். சுமை ஏற ஏறத்தான் பெரியவை ஒவ்வொன்றாக வரும். எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியல் ஆய்வாளர் கண்டு சொன்ன ஒழுங்கு இது. அந்தப் பெரிய கூட்டத்தைப் பழகாதவரால் முழுசாக அழைக்க முடிவதில்லை. அழைத்தாலும் சைகை மெதுவாகப் போகும். ஒரு சைகைக்குத் தசை ஒருமுறை துடித்து அடங்கும். அது அடங்குமுன் அடுத்தது வந்தால் இழுப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடுக்கடுக்காகச் சைகை அனுப்பும் அந்த வேகமும் பயிற்சியில் கூடுகிறது. அப்புறம் முட்டுக்கட்டைக்காரர்கள். கையை மடக்கும்போது, நீட்டும் தசையும் பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுக்கும். பழகப் பழக அது விலகிக்கொள்கிறது.

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை, வலிமை மட்டும் ஏறுகிறது. காரணம் இதுதான். இன்னும் வேடிக்கை: 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் குழு ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. சும்மா இருந்த மறு கைக்கும் வலிமை கூடியிருந்தது! அந்தக் கைக்குக் கூழா ஊற்றினார்கள்?

தாத்தா ஒரே கல்லை, ஒரே அசைவை, வருஷக்கணக்கில் பழகியிருப்பார். நெல்மூட்டை தூக்கியதும் அதே அணைப்புதான். கொள்ளுப்பேரனின் நரம்புகள் வேறு பாடம் படித்தவை.

தூக்குமுன் போடுகிற கத்தலும் வெறும் பந்தா இல்லை. 1961இல் மிச்சியோ இகாயும் ஆர்தர் ஸ்டைன்ஹவுஸும் முழங்கையை மடக்கும் விசையை அளந்தார்கள். பின்னால் துப்பாக்கி வெடித்தபோதும், ஆளே உரக்கக் கத்தியபோதும் விசை கூடியது. நரம்புகள் உள்ளே போடும் தடை கொஞ்சம் தளர்கிறது என்பது அவர்கள் விளக்கம். தாயத்து கட்டிக்கொண்டு தூக்குகிறவருக்கும் ஒருவேளை இப்படித்தான் ஏதோ நடக்கிறது. அந்தப் பெருமையைத் தாயத்து விற்கிறவர் வாங்கிக்கொண்டு போவதுதான் எனக்கு எரிச்சல். டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் விற்கிறவர் மேலும் அதே எரிச்சல் உண்டு. நம் பல்கலைக்கழகம் ஒன்று பொங்கலன்று இரண்டு மாணவர்களை அனுப்பி, கல் தூக்குகிறவர்களின் முதுகில் மின்வாய் ஒட்டி, தசைக்கு வரும் மின் சைகையை அளந்தால் என்ன? ராக்கெட் விடும் செலவா ஆகப்போகிறது?

உங்கள் பையனிடம் சொல்லுங்கள்: கல்லை விட்டுவிட்டு ஒரு சாக்கில் முப்பது கிலோ மணலில் ஆரம்பிக்கட்டும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏழெட்டு முறை, களைப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும். களைத்த பிறகு நரம்பு தப்பான அசைவைக் கற்றுக்கொள்ளக்கூடும். சுலபமானதும் இரண்டு கிலோ கூட்டலாம். பிறகு கல்லிடம் போகும்போது, அது வழுக்கினால் பிடிக்கப் பார்க்காமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.